பணிவு பிறக்கும் இடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

பெரியோரை மதித்தல் தமிழர்க்குப் புதிய பாடம் அன்று. திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 'பெரியாரைப் பிழையாமை' என்று இன்னோர் அதிகாரமும் இருக்கிறது. திண்ணையில் அமர்ந்திருப்பவன், தெருவில் பெரியவர் வரக் கண்டால் எழுந்து நிற்பதை நம் ஊர்களில் யாரும் வகுப்பு நடத்திச் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படியிருக்க, சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, இளம் செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம் என்று இத்தனை அமைப்புகள் தோன்றி, பிள்ளைகளுக்குத் தலைமையை மதிக்கக் கற்றுத்தர வேண்டிய தேவை என்ன?

இக்கேள்விக்கு விடை காணுமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தோளில் கிடந்த துண்டு, சிலரைக் கண்டதும் கக்கத்துக்கு இறங்கிய காலமும் நம் ஊர்களில் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சில தெருக்களைக் கடந்த காலமும் இருந்தது. அவற்றுக்கும் 'மரியாதை' என்றே பெயர் சூட்டியிருந்தார்கள். ஆகவே மரியாதை என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று, மனம் உவந்து தரும் மதிப்பு. மற்றொன்று, அஞ்சி நடுங்கிச் செலுத்தும் கப்பம். ஒரு குழந்தைக்கு நாம் எதைக் கற்பிக்கிறோம் என்பது சிறிய செய்தி அன்று. அக்குழந்தை நாளை நிமிர்ந்து நிற்குமா, கூனிக் குறுகுமா என்பது அதைப் பொறுத்தே அமையும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை ஆராய்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

இயக்கம் பிறந்த கதை

சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் இங்கிலாந்துப் படைத்தளபதி பேடன் பவல். 1899-1900இல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 217 நாள்கள் முற்றுகையிடப்பட்டது. நகரைக் காத்து நின்ற படைக்குத் தலைவர் அவர். ஆள் பற்றாக்குறை ஏற்படவே, அங்கிருந்த சிறுவர்களைச் செய்தி கொண்டு செல்லும் பணியில் ஈடுபடுத்தினார்கள். பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவர்கள் பெரியவர்களுக்குச் சளைக்காமல் உழைப்பார்கள் என்ற உண்மை அங்கே அவருக்குப் புலப்பட்டது.

1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு அவர் முதல் முகாமை நடத்தினார். பணக்காரப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினர். வர்க்க வேறுபாடு மிகுந்திருந்த அந்நாட்டில் இது சிறு செயல் அன்று. ஓநாய், எருது, அண்டங்காக்கை, நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயர்களில் நான்கு அணிகள் அமைத்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். மறு ஆண்டு, 1908இல், 'சிறுவர்க்கான சாரணியம்' என்ற பொருள்படும் அவருடைய நூல் வெளிவந்தது. அதன்பின் இயக்கம் காட்டுத்தீயெனப் பரவியது. 1910இல் பெண்களுக்கான சாரணியர் அமைப்பும் தோன்றியது.

தொடக்ககாலச் சாரணர் விதிகளில் ஒன்று நம் கட்டுரைக்கு இன்றியமையாதது. பெற்றோர், அணித்தலைவன், சாரண ஆசிரியர் ஆகியோர் இடும் ஆணையைக் கேள்வி கேளாமல் நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் கருத்து. இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. 'கேள்வி கேளாமல்' என்பது படைவீரர் ஒருவரின் சிந்தனை, அது வியப்பன்று. ஆனால் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடையே, தன் வயதொத்த அணித்தலைவனையும் அவர் சேர்த்திருப்பதுதான் புதுமை. தலைமை என்பது நரைத்த தலைக்கு மட்டும் உரியதன்று, பொறுப்பேற்ற எவருக்கும் உரியது என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது.

இந்திய மண்ணில்

இந்தியாவில் முதல் சாரணர் படைகள் 1909 முதல் தோன்றின. ஆனால் அவை ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கானவை. இந்தியச் சிறுவர்களுக்கு இடமில்லை. காரணம் என்ன? அணிவகுக்கவும், தடம் பார்க்கவும், கூட்டாக இயங்கவும் இந்தியச் சிறுவன் கற்றுக்கொண்டால் நாளை அவன் விடுதலைப் போராளியாகிவிடுவானோ என்று வெள்ளை அரசு அஞ்சியது. தலைமையை மதிக்கக் கற்பிக்கும் பயிற்சியைக் கண்டு ஆட்சித் தலைமையே அஞ்சியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏனெனில் உண்மையான கட்டுப்பாடு, யார் தகுதியான தலைவர் என்று எடைபோடும் ஆற்றலையும் உடன் வளர்த்துவிடும். அது ஆதிக்கத்துக்கு ஆகாது.

இந்தத் தடையை உடைத்த பெருமையில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேல் ஆகியோரின் முயற்சியால் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் சங்கம் தொடங்கப்பட்டது. வடக்கே அலகாபாத்தில் பண்டித மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி சங்கம் இணையாமல் தனித்தே நின்றது. அயல்நாட்டு மன்னருக்கு விசுவாசம் காட்டும் உறுதிமொழியை ஏற்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. கட்டுப்பாட்டைக் கற்பித்த அவர்களே, தகாத இடத்தில் தலைகுனிய மறுத்தார்கள். கட்டுப்பாடும் தன்மானமும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள் வெவ்வேறு சங்கங்கள் ஒன்றாகி 'பாரத சாரணர் சாரணியர்' இயக்கம் உருவாயிற்று. 1951இல் பெண்கள் சங்கமும் இதில் இணைந்தது. இவ்வியக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி 2025 சனவரி இறுதியில் நம் மாநிலத்தின் மணப்பாறையில் கூடியது.

இப்போது நம் நாட்டுச் சாரணர் விதிகள் ஒன்பது. நம்பகம், நட்பு, கனிவு, இயற்கையிடம் அன்பு, துணிவு, சிக்கனம், தூய்மை முதலியன அவற்றில் உண்டு. 'கேள்வி கேளாமல் கீழ்ப்படி' என்ற பழைய விதி அங்கே இல்லை. அதன் இடத்தில், கட்டுப்பாடு உடையவராகவும் பொதுச்சொத்தைக் காக்க உதவுபவராகவும் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆளுக்கு அடங்குவது என்பது மாறி, ஒழுங்குக்கு அடங்குவது என்றாயிற்று. ஒரு நாடு அடிமை நிலையிலிருந்து குடியரசாக வளர்ந்த கதையை இந்த ஒரு விதியின் மாற்றத்திலேயே படித்துவிடலாம்.

எப்படிக் கற்பிக்கிறார்கள்?

ஒன்பது விதிகளில் 'தலைவரை வணங்கு' என்று தனியாக ஒரு விதி இல்லை. பின் மதிப்பு எவ்வாறு விளைகிறது? அதற்கு ஐந்து வழிகளைக் கூறலாம்.

முதலாவது, வணக்கம். சாரணர் மூன்று விரல்களை உயர்த்தி வணக்கம் செய்கின்றனர். கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை, பிறருக்கு உதவுதல், சாரணர் விதிக்கு அடங்குதல் என்ற உறுதிமொழியின் மூன்று பகுதிகளை அவை குறிக்கும். சிறுவன் வணங்கியதும் சாரண ஆசிரியரும் அதே மூன்று விரல்களை உயர்த்தித் திரும்ப வணங்குகிறார். தேசிய மாணவர் படையிலும் அதிகாரி பதில் வணக்கம் செய்தே ஆக வேண்டும். எனவே இவ்வணக்கம் ஒருவழிப் பாதை அன்று. கக்கத்துத் துண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது. துண்டை இறக்கியவனுக்கு யாரும் பதிலுக்குத் துண்டை இறக்கியதில்லை.

இரண்டாவது, சீருடை. பத்து வயதுச் சிறுவன் அணியும் அதே கழுத்துத்துணியைத்தான் ஐம்பது வயது ஆசிரியரும் அணிகிறார். அவர் ஏற்ற உறுதிமொழியும் அதுவே. சட்டத்துக்கு மேலே நிற்பவராக அன்றி, சட்டத்துக்கு உள்ளே நிற்பவராகத் தலைவரைப் பிள்ளை காண்கிறான்.

மூன்றாவது, அணி முறை. ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. அதற்கு அவர்களுள் ஒருவனே தலைவன். முகாமில் விறகு பொறுக்குபவர் யார், நீர் கொணர்பவர் யார், சமைப்பவர் யார் என்று பிரித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. ஈர விறகைக் கொண்டு வந்தவனைக் கடிந்துகொள்வதா, அவனோடு சேர்ந்து ஊதுவதா என்று முடிவெடுக்க வேண்டியவனும் அவனே. ஒருநாள் தலைமை ஏற்றுப் பார்த்தவன், அடுத்த நாள் மற்றவன் தலைமையில் முணுமுணுக்க மாட்டான். தலைவனின் இடர்ப்பாட்டை அவன் தன் தோளில் சுமந்து பார்த்துவிட்டானல்லவா? பணிவைக் கற்பிக்கச் சிறந்த வழி, பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுத்துப் பார்ப்பதே என்பது இந்த இயக்கத்தின் கண்டுபிடிப்பு எனலாம்.

நான்காவது, மன்றம். அணித்தலைவர்கள் ஒன்றுகூடிப் படையின் செயல்களைத் திட்டமிடவும், தவறுகளை விசாரிக்கவும் கௌரவ மன்றம் என்ற அமைப்பு உண்டு. சாரண ஆசிரியர் அங்கே ஆலோசனை கூறுவார். பேசுபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. தன் சொல்லைக் கேட்ட பெரியவரின் சொல்லைக் கேட்பது பிள்ளைக்கு எளிதாகிவிடுகிறது.

ஐந்தாவது, உடனுறைதல். வகுப்பறையில் ஆசிரியரை மேசைக்கு அப்பால் மட்டுமே பிள்ளை பார்க்கிறான். முகாமிலோ அவர் அதே தரையில் படுக்கிறார். அதே குழம்பை உண்கிறார். மழை வந்தால் முதலில் எழுந்து கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். கண்ணால் கண்ட தகுதிக்குத் தலை தானே வணங்கும்.

இந்த ஐந்தாவது வழியை எங்கள் தறிக்குழியிலேயே நான் அறிந்திருக்கிறேன். என் தந்தையார் நெசவாளர். சிறுவயதில் இரண்டு பெரியவர்களிடம் தொழில் பழகியவர். இழை அறுந்தால் தலையில் குட்டியவர் ஒருவர். தாமே குழியில் இறங்கி, அறுந்த இழையைத் தேடி எடுத்து, முடிந்து காட்டியவர் மற்றொருவர். தீபாவளிக்குத் தட்டில் வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்து என் தந்தையார் கொண்டு போய்க் கொடுத்துவந்தது இரண்டாமவர் வீட்டுக்குத்தான். முதலாமவரிடம் அவருக்குக் கோபம்கூட இல்லை, நினைவே இல்லை.

ஒரு விஞ்ஞானச் சோதனை

இதையெல்லாம் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குவோர்க்கு ஒரு சோதனையை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். உளவியல் அறிஞர் குர்ட் லெவின், தம் துணைவர்களான லிப்பிட், ஒயிட் ஆகியோருடன் சேர்ந்து அமெரிக்காவின் அயோவாவில் செய்த ஆய்வு அது. முடிவுகள் 1939இல் வெளிவந்தன. பத்து, பதினோரு வயதுச் சிறுவர்களை ஐந்து ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். தலைவர்கள் மூன்று விதமாக நடந்துகொண்டனர். ஒரு விதத் தலைவர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்து ஆணையிட்டார். இரண்டாம் விதத் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி, வழிகாட்டி, உடன் உழைத்தார். மூன்றாம் விதத் தலைவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார்.

ஆணையிடும் தலைவர் அறையில் இருந்தவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே சென்றதும் வேலை படுத்துவிட்டது. சில குழுக்களில் சிறுவர்கள் தமக்குள் சண்டையிட்டனர். எளியவன் ஒருவனைப் பிடித்து வதைத்தனர். வேறு சில குழுக்களில் உயிரற்ற பொம்மைகள்போல் சோர்ந்து கிடந்தனர். கலந்து பேசும் தலைவர் வெளியே சென்றபோதோ வேலை ஏறக்குறைய முன்போலவே தொடர்ந்தது. ஆணையிட்ட தலைவர், கலந்து பேசிய தலைவர் இருவரையும் ஒப்பிடச் சொன்னபோது, 20 சிறுவர்களில் 19 பேர் இரண்டாமவரையே விரும்பினர். மூன்றாம் விதமும் வெற்றி பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பாரற்று விடுவது சுதந்திரம் அன்று. அங்கே வேலையும் இல்லை, நிறைவும் இல்லை.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இது தேனிரும்பையும் எஃகையும் நினைவூட்டுகிறது. காந்தத்தின் அருகே கொண்டுசென்றால் தேனிரும்பு விரைவில் காந்தமாகும். காந்தத்தை அகற்றினால் அதன் ஆற்றல் பெரும்பாலும் போய்விடும். எஃகு காந்தமாவது கடினம். ஆனால் ஆனபின், காந்தத்தை அகற்றினாலும் ஆற்றல் நிலைக்கும். அச்சத்தால் வரும் பணிவு தேனிரும்பு. அன்பாலும் பொறுப்பாலும் வரும் பணிவு எஃகு. தலைவர் அறையை விட்டு வெளியேறிய பிறகு என்ன நடக்கிறது என்பதே மதிப்பை அளக்கும் கருவி.

கட்டாயமும் விருப்பமும்

தேசிய மாணவர் படை 1948இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஒற்றுமையும் கட்டுப்பாடும் அதன் முழக்கம். 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்க்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. இன்று அதில் சேர்பவர் தாமே விரும்பிச் சேர்பவர். 1969 செப்டம்பர் 24இல், காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. தனக்காக அன்றிப் பிறர்க்காக என்பது அதன் கொள்கை. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் முறை.

கட்டளையின் மொழியும் நம் மாநிலத்தில் ஒரு கேள்வியாக எழுந்ததுண்டு. 1968 சனவரியில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானம், மாணவர் படையின் இந்தி ஆணைச்சொற்களையும் நீக்க வேண்டும் என்றது. அணிவகுப்பில் ஒலிக்கும் சொல் சிறிதாக இருக்கலாம். ஆனால் புரியாத சொல்லுக்கு அசைவது வேறு, புரிந்த சொல்லுக்கு இசைவது வேறு என்ற உணர்வு அதன் பின்னே இருந்தது. நம் வட்டாரத்தார்க்கு இது எளிதில் விளங்கும். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் வரை திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் ஆர்.கே.பேட்டைக் கடைத்தெருவில் ஒரே மூச்சில் 'வாங்க' என்பதையும் 'ரண்டி' என்பதையும் கேட்கலாம். 'ஐயா' என்றாலும் 'காரு' என்றாலும் மதிப்பு ஒன்றே. அது சொல்லில் இல்லை. சொல்பவன் மனத்தில் இருக்கிறது.

மறுபக்கம்

எந்தக் கருவிக்கும் மறுபக்கம் உண்டு. செருமனியில் இட்லர் ஆட்சியைப் பிடித்ததும் மற்ற இளைஞர் அமைப்புகளை ஒடுக்கினார். 1936இல் சட்டம் இயற்றி நாட்டின் இளைஞர் அனைவரையும் தம் கட்சியின் இளைஞர் அமைப்பின்கீழ் கொண்டுவந்தார். அங்கேயும் முகாம் இருந்தது, சீருடை இருந்தது, அணிவகுப்பு இருந்தது, பாட்டு இருந்தது. இல்லாதது ஒன்றே: 'ஏன்?' என்று கேட்கும் உரிமை. தலைவருக்கு மேலே எந்த விதியும் இல்லாத இடத்தில், மதிப்பு வழிபாடாகி, வழிபாடு அழிவாகியது.

அவ்வளவு தொலைவு போவானேன்? 2024 ஆகஸ்டில் நம் மாநிலத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு போலி முகாம் பள்ளி ஒன்றில் நடத்தப்பட்டதும், அங்கே மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளானதும் நாட்டையே உலுக்கின. உண்மையான மாணவர் படைக்கும் அம்முகாமுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அந்தப் படையின் பெயருக்கு மக்கள் தரும் மதிப்பைத்தான் அந்தக் கயவர்கள் முகமூடியாக அணிந்தார்கள். சீருடை அணிந்தவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று மட்டும் பிள்ளைக்குக் கற்பித்து, எதைக் கேட்கக் கூடாது என்று கற்பிக்காமல் விட்டால், நாமே பிள்ளையின் கைகளைக் கட்டி ஒப்படைத்தவர்கள் ஆவோம்.

ஆகவே மதிப்பைக் கற்பிக்கும் எந்த முகாமிலும் மறுப்பையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 'பெரியவர் தனியே அழைத்தாலும், இரகசியம் காக்கச் சொன்னாலும், உன் உடலைத் தொட்டு உனக்குக் கூச்சம் உண்டாக்கினாலும், "மாட்டேன்" என்று சொல். அது மரியாதைக் குறைவு ஆகாது. உடனே வீட்டில் சொல்' என்பதை உறுதிமொழி சொல்லிக்கொடுக்கும் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காமல் மறைப்பதும் குற்றம். குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், அதை நடத்துபவர் யார், அங்கீகாரம் உண்டா, பெண் பிள்ளைகளுடன் பெண் ஆசிரியர் தங்குகிறாரா என்று கேட்பதை யாரும் அவமதிப்பாகக் கொள்ளக் கூடாது. நேர்மையான தலைவர் கேள்வியைக் கண்டு சினக்க மாட்டார்.

நம் மரபு என்ன சொல்கிறது?

கேள்வி கேட்பது மேல்நாட்டுப் பழக்கம் என்பாரும் உளர். நம் நன்னூலைப் புரட்டிப் பார்க்கட்டும். அதன் பொதுப்பாயிரம் மாணவனின் இலக்கணத்தைக் கூறுமுன் ஆசிரியரின் இலக்கணத்தைக் கூறுகிறது. நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் பூவுக்கும் ஒப்பிடுகிறது. அதோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் வகுத்துச் சொல்கிறது. அத்தகையவருக்கு அது காட்டும் உவமைகளுள் ஒன்று கோணல் தென்னை. ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, அது வேலிக்கு அப்பால் சாய்ந்து அடுத்தவர் தோட்டத்தில் காயை உதிர்க்கும். ஆசிரியரையே எடைபோட்டுப் பார்க்கும் துலாக்கோலை மாணவன் கையில் கொடுத்த மரபு நம்முடையது.

தந்தைக்கே பொருள் உரைத்த பிள்ளையைத் தகப்பன்சாமி என்று கோயில் கட்டி வணங்குபவர்கள் நாம். வாய் பொத்திக் கேட்ட தந்தைக்கு அதனால் பெருமை குறையவில்லை. அம்முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால்தான் நம் மலைக்குத் தணிகை என்று பெயர் வந்தது என்பர். ஆற்றல் மிக்க தலைவனுக்கு அழகு, சினம் தணிதல் அன்றோ!

அதே திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் அவர் பிறந்த நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மைசூரிலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் புறப்பட்டபோது, அவர் ஏறிய வண்டியை மாணவர்கள் தாங்களே இரயில் நிலையம்வரை இழுத்துச் சென்ற செய்தியைப் பலரும் அறிவர். இழுக்கச் சொல்லி எந்த ஆணையும் பிறக்கவில்லை. ஆணையால் அதைச் செய்விக்கவும் முடியாது.

நாம் செய்ய வேண்டுவது

மாணவத் தோழர்களே! இதுவரை பிள்ளைகளின் பக்கம் நின்று பேசினோம். ஆனால் நாம் இனிப் பிள்ளைகள் அல்லர். நலப்பணி முகாமுக்காக ஒரு சிற்றூருக்குள் நுழைந்ததுமே 'அண்ணா, அக்கா' என்று சூழ்ந்துகொள்ளும் சிறுவர்களுக்கு நாமே பெரியவர்கள், நாமே தலைவர்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தொண்டர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கும்போது, காவடி தூக்கி வரும் முதியவரும் நம் சொல்லைக் கேட்டு வரிசையில் நிற்கிறார். அந்த அட்டை நமக்குத் தரும் அதிகாரம் சிறிது. ஆனால் அதைக்கொண்டு நாம் அதட்டுகிறோமா, கைகொடுத்து ஏற்றி விடுகிறோமா என்பதில் நம் கல்வி முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

நம்முள் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நம் பெற்றோர் அலுவலகங்களில் நாற்காலி இருந்தும் நின்றே பேசிப் பழகியவர்கள். அவர்கள் நமக்குத் தந்த பணிவை நாம் விட்டுவிடக் கூடாது. அவர்கள் மீது சுமத்தப்பட்ட அச்சத்தை நாம் எடுத்துச் செல்லவும் கூடாது. முகாமில் சிறுவன் ஒருவன் 'ஏன் அண்ணா?' என்று கேட்டால், 'சொன்னதைச் செய்' என்னாமல் காரணம் கூறுவோம். மண்வெட்டியை அவன் கையில் கொடுக்குமுன் நம் கையில் எடுப்போம். கடைசிப் பந்தியில் உண்போம். அவன் வணங்கினால் திரும்ப வணங்குவோம். நாம் முகாமை முடித்து ஊர் திரும்பிய பிறகும், நாம் நட்ட கன்றுக்கு அவன் நீர் ஊற்றிக் கொண்டிருப்பானாயின், அன்று அவன் நம்மை மதிக்கிறான் என்று பொருள்.